அச்சுப்பிழை நாணயம்: விலை கேட்பதற்கு முன்னால் இயந்திரத்தைக் கேளுங்கள்

"வைஷ்ணவதேவி படம் போட்ட 5 ரூபாய் காயின் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி, தேதிக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் இன்னும் அதிகம், உடனே இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க." இந்த மாதிரி ஒரு வீடியோவாவது வராத போன் நம்ம ஊரில் இருக்காது. வைஷ்ணவதேவி நாணயம் 2012-இல் அந்தக் கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக அரசு வெளியிட்ட நினைவு நாணயம், ஏராளமாகப் புழங்கியது. நட்சத்திரமோ ஹைதராபாத் நாணயச்சாலையின் குறி. வைர வடிவம் இருந்தால் மும்பை, வெறும் புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. எந்த ஆலையில் அடித்தது என்று தெரிந்துகொள்ள வைத்த அடையாளம், அவ்வளவுதான். அதை அபூர்வம் என்று சொல்பவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், இல்லை உங்களிடம் 'பதிவுக் கட்டணம்' வாங்கப் போகிறார். இந்த மோசடியில் தன் பெயரையே பயன்படுத்துகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கையே விட்டது: பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதற்கு நாங்கள் யாரிடமும் கமிஷனோ வரியோ கேட்பதில்லை என்று.

சரி, அப்படியென்றால் எல்லாமே புரளியா? இல்லை. இந்தக் கூச்சலுக்கு நடுவே உண்மையாகவே சேகரிக்கத் தகுந்த ஒரு வகை இருக்கிறது. நாணயச்சாலையிலேயே தப்பாக அடிபட்டு, பரிசோதனையில் மாட்டாமல் வெளியே வந்துவிட்ட நாணயங்கள். எரர் காயின் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதில் புதிதாக இறங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு போகும்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: நாணயம் செய்யும் வேலையில் எந்தக் கட்டத்தில் என்ன பிசகியிருந்தால் இது இப்படி வந்திருக்கும்? இதற்குப் பதில் சொல்ல முடிகிற நாணயம்தான் பிழை நாணயம். பதிலே இல்லையென்றால் அதன்மேல் லாரி ஏறியிருக்கும், அல்லது யாராவது பட்டறையில் வைத்து நசுக்கியிருப்பார்கள். எவ்வளவு விநோதமாக இருந்தாலும் அது வெறும் சேதம்தான்.

ஆகவே வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டாக வேண்டும். நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். அந்த வில்லையின் ஓரத்தைச் சுற்றிலும் அழுத்தி லேசாகத் தூக்கிவிடுவார்கள், நாணயத்தின் விளிம்பு மேடாக இருப்பது இதனால்தான். பிறகு சூடாக்கி இளக்கி, கழுவிக் காயவைத்து அச்சு இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் வில்லையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள காலர் என்ற ஒரு வளையம். மேல் அச்சு ஓங்கி இறங்கும், ஒரே அடியில் பூ, தலை இரண்டும் பதிந்துவிடும், அடிபட்டது வெளியே தள்ளப்படும், அடுத்த வில்லை உள்ளே வரும். இது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் நடக்கிற வேலை. வில்லையில் கோளாறு, அச்சில் கோளாறு, அடி விழும் நேரத்தில் கோளாறு என்று மூன்றில் ஒன்றில் எந்தப் பிழையையும் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கையால் அடித்த காலத்து நாணயத்தில் 'பிழை' என்று சொல்வதற்கே பெரிதாக இடமில்லை. விஜயநகர, நாயக்கர் காலத்துச் செப்புக்காசுகளைப் பாருங்கள், அச்சு பெரிதாக இருக்கும், வில்லை சிறிதாக இருக்கும், காளையின் பாதி உடம்பு மட்டும் விழுந்திருக்கும். யாரும் அதை எரர் என்று கூடுதல் விலை கேட்பதில்லை, அது அந்தக் கால வழக்கம். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்த பிறகுதான் மாறிப்போனது கண்ணில் படுகிறது. அந்த எதிர்பார்ப்பு நீராவி இயந்திரத்தோடு வந்தது. சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803-இல் வெளியிட்ட 20 காசு செப்பு நாணயம் பர்மிங்காம் பக்கத்தில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி அச்சில் அடித்தது. (1808-இல் அடித்ததில் ஒரு பகுதி நம்ம ஊருக்கு வந்தே சேரவில்லை, அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலோடு 1809-இல் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப் பிறகு வெளியே எடுக்கப்பட்டது. அந்த நாணயங்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.)

வில்லைக் கோளாறுக்கு வருவோம். அதிகம் கண்ணில் படுவது கிளிப், அதாவது ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு இல்லாமல் இருப்பது. தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் மறுபடியும் வெட்டி விழுந்தால் இப்படி வரும். தகட்டின் முனையில் வெட்டு விழுந்தால் பிறையாக இல்லாமல் நேர்க்கோடாக வரும். இதை அரம் வைத்து யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்கிறார்கள். ஆனால் அசல் கிளிப் ஒரு தடயம் விட்டுச் செல்கிறது: துண்டு போன இடத்துக்கு நேர் எதிரே விளிம்பைப் பாருங்கள், மேடு மழுங்கியோ இல்லாமலோ இருக்கும். காரணம் எளிது. ஓரத்தைத் தூக்கும் இயந்திரம் வில்லையை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்துகிறது, ஒரு பக்கம் உலோகமே இல்லாதபோது எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காது. பிளேக்ஸ்லி விளைவு என்று இதற்குப் பெயர். எல்லா அசல் கிளிப்பிலும் இது தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது, ஆனால் இருந்துவிட்டால் பெரிய சாட்சி. அரம் பிடித்தவர் எதிர்ப்பக்க விளிம்பைத் தொடுவதில்லை. அதோடு, கிளிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் அந்த வெற்றிடத்தை நோக்கி லேசாக இழுபட்டு வழிந்திருக்கும், அடி விழும்போது உலோகம் அந்தப் பக்கம் ஓடியதால். பிறகு வெட்டியது என்றால் எழுத்து கத்தரித்தாற்போல் பாதியில் நிற்கும்.

அடுத்தது தப்பான வில்லையில் அடிபட்டது. 2 ரூபாய் அச்சின் நடுவில் 1 ரூபாய்க்கான வில்லை மாட்டிக்கொண்டால் ஓரத்து எழுத்துகள் வெளியே போய்விடும், நாணயம் சின்னதாக, எடை குறைவாக இருக்கும். நம் நாட்டு நாணயங்களில் இதைத் தீர்மானிப்பது கொஞ்சம் வில்லங்கமான வேலை. அளவுகளை அரசு இறக்கிக்கொண்டே வந்திருக்கிறது. 1992-இல் வந்த ஸ்டீல் 1 ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011-இல் வந்த 2 ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். பழைய 50 பைசா ஸ்டீல் நாணயம் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம், 2011 வரிசையின் 1 ரூபாயும் ஏறக்குறைய அதுவேதான். ஆக, ஒவ்வொரு மதிப்பும் ஒரு படி கீழே இறங்கி அடுத்ததன் உடம்பை எடுத்துக்கொண்டது. "என் 2 ரூபாய் 1 ரூபாய் சைஸில் இருக்கிறது, எரர்!" என்று படம் போடுபவர்கள் பலர் இரண்டு வேறு வரிசை நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். எடைக்கு முன்னால் ஆண்டைப் பாருங்கள். நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன எலக்ட்ரானிக் தராசு இல்லாமல் இந்த வகையில் பேச்சே வேண்டாம்.

10 ரூபாய் நாணயத்தில் நடந்த கூத்தும் இதே வகைதான். மேலே 10 கோடு இருந்தால் நல்லது, 15 கோடு இருந்தால் கள்ளது என்று ஒரு புரளி கிளம்பி, தமிழ்நாட்டில் பஸ் கண்டக்டரிலிருந்து பெட்டிக்கடை வரை வாங்க மறுத்தார்கள். 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்ட பிறகும் அந்தச் சந்தேகம் போக வெகுநாள் ஆயிற்று. வடிவ மாற்றம் பிழையில்லை. வரிசை மாறினால் கோடும் மாறும்.

அச்சுக் கோளாறுகள் மெதுவாக வருபவை. எஃகு அச்சு லட்சக்கணக்கில் அடி வாங்கி வாங்கி விரிசல் விடும், அந்த விரிசல் நாணயத்தில் மெல்லிய மேட்டுக் கோடாக விழும். கவனிக்க: மேடு, பள்ளமில்லை. நாணயத்தில் பள்ளமாகக் கோடு இருந்தால் அது யாரோ கீறியது. அச்சின் ஓரம் உடைந்தே விழுந்துவிட்டால் அந்த இடத்தில் வெறும் மொத்தையாக உலோகம் எழும்பி நிற்கும், இதை ஆங்கிலத்தில் கட் (cud) என்பார்கள். அச்சு தன் பிடியில் நழுவித் திரும்பிவிட்டால் இன்னொரு வகை. இந்திய நாணயத்தை மேலேயும் கீழேயும் இரண்டு விரலால் பிடித்து, சிங்கம் நிமிர்ந்து இருக்கும்படி வைத்துப் பக்கவாட்டில் திருப்புங்கள், மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அச்சு சுழன்றிருக்கிறது. ஸ்டீல் 1 ரூபாய், 2 ரூபாயில் லேசான சாய்வு கணக்கில்லாமல் கிடைக்கும், அதற்காகத் துள்ள வேண்டாம். 90 பாகை, 180 பாகை என்று சுழன்றிருந்தால்தான் சேகரிப்பவர்கள் ஆசைப்படுவார்கள். அமெரிக்க நாணயத்தை இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள், அது வேண்டுமென்றே தலைகீழாகத்தான் அடிக்கப்படுகிறது.

அச்சிலேயே படம் இரட்டையாக விழுந்ததற்கு உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட். அச்சைத் தயாரிக்க ஒரு மூல முத்திரையை எஃகில் ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்தலில் கொஞ்சம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். தேதியும் எழுத்துகளும் கண்ணாடி இல்லாமலே இரண்டிரண்டாகத் தெரியும். கண்டுபிடிப்பதற்குள் 20,000-க்கு மேல் மற்ற நாணயங்களோடு கலந்துவிட்டன, பொறுக்கி எடுப்பதைவிட அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். இன்று ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல். ஆனால் நம் கைக்கு வரும் 'டபுள்' நாணயங்கள் பெரும்பாலும் வேறு சாதி. அடித்து முடித்ததும் அச்சு லேசாக ஆடி உரசியதால் எழுத்தின் ஓரம் தட்டையாக ஒரு படி மாதிரி இறங்கியிருக்கும். அசலில் இரண்டாவது எழுத்து தனி எழுத்தாக, உருண்டு எழும்பி, முனைகளில் பிளவோடு இருக்கும், எழுத்து தடிக்கும். உரசலில் எழுத்து மெலியும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே தேவையில்லாத செலவு பாதி குறைந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, அடி விழும் கணத்துக் கோளாறு. வில்லை நடுவில் உட்காராமல் ஒதுங்கி நின்றபோது அடி விழுந்தால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பாதி நாணயம் மொட்டையாக இருக்கும். இப்படி ஒதுங்கியிருந்தும் ஆண்டு முழுசாகத் தெரிந்தால் கூடுதல் மதிப்பு. காலர் சரியாக எழும்பாமல் இருந்தால் உலோகம் தடுப்பாரில்லாமல் பரந்து, நாணயம் வழக்கத்தைவிட அகலமாக, ஓரம் மெலிந்து வரும்.

எல்லாவற்றிலும் அழகானது லாக்கி. இந்திய நாணயச் சந்தையில் இதுதான் பெயர், ஆங்கிலத்தில் புரோக்கேஜ் என்பார்கள். அடிபட்ட ஒரு நாணயம் வெளியே போகாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். அடுத்த வில்லை வருகிறது, அடி இறங்குகிறது. இப்போது அந்த வில்லையின் மேல்பக்கத்தைத் தொடுவது அச்சு அல்ல, ஒட்டிக்கொண்டிருக்கும் நாணயத்தின் முகம். அதனால் ஒரு பக்கம் சிங்கம் வழக்கம்போல் எழும்பி நிற்கும், திருப்பினால் அதே சிங்கம் குழிந்து, இடவலம் மாறி இருக்கும், 'சத்யமேவ ஜயதே' தலைமாறி ஓடும், மதிப்பு எண் இருக்க வேண்டிய பக்கத்தில் அது இருக்கவே இருக்காது. முதல் ஒன்றிரண்டு அடியில் இந்தக் குழிந்த உருவம் கூர்மையாக இருக்கும். ஒட்டியிருப்பது அடி வாங்க வாங்கப் பரந்து, அச்சைச் சுற்றிச் சோடா மூடி மாதிரி மடங்கிக்கொள்ளும், அதற்கேற்ப அடுத்தடுத்த வில்லைகளில் உருவம் பெரிதாகி மங்கிக்கொண்டே போகும். ஆகவே ஒரு லாக்கியைப் பார்த்தால் அது ஏறத்தாழ எந்தக் கட்டத்தில் பிறந்தது என்பதைக்கூட ஊகிக்கலாம். அச்சைச் சுற்றி மடங்கிய அந்த மூடி நாணயமே கிடைத்தால் இன்னும் விசேஷம்.

இரண்டு பொருந்தாத அச்சுகளைச் சேர்த்து அடித்துவிடுவதும் உண்டு, மியூல் என்பார்கள். பிரிட்டனில் 2008-இல் 20 பென்ஸ் வடிவத்தை மாற்றியபோது, ஆண்டு பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குப் போனது. புதிய பின்பக்க அச்சோடு பழைய முன்பக்க அச்சைப் பூட்டிவிட்டார்கள். விளைவு, ஆண்டே இல்லாத நாணயம். 50,000-இலிருந்து 2 லட்சம் வரை வெளியே போயிருக்கலாம் என்று ராயல் மின்ட்டே சொன்னது. செய்தி பரவிய புதிதில் ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டு விளம்பரம் போட்டார்கள். பிறகு அது சில பத்துப் பவுண்டுகளுக்கு இறங்கி நின்றுவிட்டது, இவ்வளவு எண்ணிக்கை இருந்தால் வேறென்ன நடக்கும்.

மனிதர் செய்த தப்பும் இயந்திரம் செய்த தப்பும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிலியில் 2008-இல் அடித்த 50 பெசோ நாணயத்தில் CHILE என்ற நாட்டின் பெயரே 'CHIIE' என்று படிக்கும்படி வந்துவிட்டது, எல் இருக்க வேண்டிய இடத்தில் ஐ. நாணயச்சாலைத் தலைவர் வேலையே போனது. நம் பக்கம் 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னர் அங்கியில் இருந்த யானை தும்பிக்கை குட்டையாகி, பார்ப்பவருக்குப் பன்றியாகத் தெரிந்து, பெரிய எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டே திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. இவையெல்லாம் வடிவமைப்புத் தவறு, அந்த அச்சில் அடித்த எல்லா நாணயமும் அப்படித்தான் இருக்கும். கதை சுவாரசியமாக இருக்கும், எரர் காயின் என்று இதைச் சேர்ப்பவர் குறைவு.

போலிகள் விஷயத்தில் அமெரிக்காவின் 1943 சென்ட் ஒரு பாடப்புத்தகம். போருக்குச் செம்பு வேண்டியிருந்ததால் அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில எங்கோ தங்கியிருந்து, புதிய ஆண்டு அச்சில் அடிபட்டு வெளியே போயின. அதில் டென்வர் நாணயச்சாலையின் ஒரே ஒரு நாணயம் 2010-இல் 17 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் பிறகு என்ன, வீட்டுக்கு வீடு 1943 செம்பு சென்ட் 'கிடைக்க' ஆரம்பித்தது என்று சொல்ல ஆசைதான், உண்மையில் போலிகள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசினார்கள், காந்தம் வைத்தால் ஒட்டிவிடும், கதை முடிந்தது. இன்னும் கெட்டிக்காரர்கள் 1948 சென்ட்டின் 8-இல் இடப்பக்கத்தைச் செதுக்கி 3 ஆக்கினார்கள். இதற்குக் காந்தம் போதாது, எண்ணின் வடிவத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

நம் சந்தையில் ஓடும் போலிகளுக்கு அவ்வளவு மெனக்கெடல்கூட இல்லை. 10 ரூபாயின் நடுவட்டத்தைத் தட்டி வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டு விற்கிறார்கள். இரண்டு நாணயத்தை வைஸில் வைத்து இறுக்கி, ஒன்றின் எழுத்து இன்னொன்றில் பதிந்ததை லாக்கி என்கிறார்கள். இதைப் பிடிப்பது சுலபம், நசுக்கிய இடத்தில் நாணயத்தின் சொந்த எழுத்து தட்டையாகியிருக்கும், மறுபக்கமும் அடி வாங்கியிருக்கும். அசல் லாக்கியில் குழிந்த பக்கத்தில் பழைய எழுத்தின் சுவடே இருக்காது. அமிலத்தில் ஊறவைத்து மெலியச் செய்தது 'மெல்லிய வில்லை எரர்' ஆகிவிடுகிறது, அதன் மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும். இரண்டு பக்கமும் தலை இருக்கும் நாணயம் அநேகமாக மேஜிக் செய்பவர்களுக்காகக் கடைந்து ஒட்டியது, விளிம்புக்கு உட்பக்கம் வட்டமாக ஒரு மயிரிழைக் கோடு தெரியும். நாணயத்தை உருக்குவதையும் சிதைப்பதையும் 2011 நாணயச் சட்டம் தடை செய்கிறது என்பது இவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

விலை. அபூர்வம் என்பதால் விலை வருவதில்லை, அதை வேண்டும் என்று கேட்க நாலு பேர் இருப்பதால் வருகிறது. அமெரிக்காவில் ஆல்பத்தில் ஆண்டு வாரியாக இடம் வைத்து ஒரு சென்ட்டைத் தேடும் கூட்டம் பெரிது, பட்டியல்களில் இடம்பெற்ற பிழைக்கு விலையும் ஓரளவு நிலையாக இருக்கும். இங்கே நவீன ஸ்டீல் நாணயத்தின் பிழையைத் தேடுபவர்கள் குறைவு, ஒவ்வொரு பிழையும் தனித்தனி, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை, அதனால் ஒரு கண்காட்சியில் கேட்ட விலைக்கும் அடுத்த ஊரில் கேட்ட விலைக்கும் சம்பந்தமே இருக்காது. சின்ன விரிசல், லேசான சுழற்சி, அச்சின் குழியில் எண்ணெய் அடைத்ததால் மங்கிய எழுத்து இதற்கெல்லாம் முகமதிப்பைவிடக் கொஞ்சம் மேலே கிடைத்தால் சந்தோஷப்படலாம். கூர்மையான லாக்கி, பாதிக்கு மேல் ஒதுங்கியது, தப்பான வில்லை, மியூல் இவற்றுக்குத்தான் போட்டி. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், விற்று முடிந்த ஏலத்தின் தொகையைத் தேடுங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி அமெரிக்க நிறுவனங்கள் பிழையைச் சோதித்து உறையில் பூட்டித் தருகின்றன. டாலரில் கட்டணம், போக வர அனுப்பும் செலவு, அதைத் தாங்கும் மதிப்புள்ள நாணயத்துக்கு மட்டும்தான் அது கட்டுப்படியாகும்.

ஒன்று கிடைத்துவிட்டால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, நாணயத்துக்கு ஆகாது. மேற்பரப்பில் உலோகம் ஓடிய கோடுகள்தான் அது அச்சில் பிறந்ததற்கு அத்தாட்சி, தேய்த்தால் அத்தாட்சியும் போய்விடும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, பிவிசி இல்லாத உறையில் போட்டு, எடையை எழுதி வையுங்கள். வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, தராசில் வைத்தபடி ஒன்று. முன்பக்கத்தையே விதவிதமான வெளிச்சத்தில் ஏழெட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டு விளிம்புப் படத்துக்கு மட்டும் "கேமரா சரியில்லை சார்" என்று இழுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.